கப்பல் பேச்சு: கடற்படைக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



விசாகப்பட்டினத்தில் வாழும் தமிழர்களில் இரயில்வே, துறைமுகம், எஃகு ஆலை என்று பிழைப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே வேரூன்றி விடுகிறோம். கடற்படைக் குடும்பங்கள் அப்படி அல்ல. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும். பொங்கல் விழாவில் ஒரு முறையும் சித்திரைத் திருநாளில் ஒரு முறையும் பார்த்துப் பழகுவதற்குள் கொச்சிக்கோ மும்பைக்கோ புறப்பட்டு விடுகிறார்கள். ஊரிலிருந்து புதிதாக மணமாகி வரும் பெண்களுக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. இவற்றோடு மூன்றாவதாக ஒரு மொழியும் அவர்களுக்குப் புரிவதில்லை. அதுதான் கணவர் பேசும் கப்பல் மொழி.

நான் டிப்ளமோ படித்துவிட்டு இரயில்வேயில் வேகன் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே பணி ஓய்வு பெற்றவன். கடற்படையில் ஒரு நாளும் வேலை பார்த்தவன் அல்லன். என் இளைய மகளைக் கடற்படையில் பெட்டி ஆபீஸராக இருப்பவருக்குக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் வாயில் வரும் சொற்களைக் கேட்டு, பொருள் விசாரித்து, ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். “எதற்கு மாமா இதெல்லாம்?” என்று சிரிப்பார். இந்தச் சொற்கள் தெரியாததால் குடும்பங்களில் எத்தனை வீண் கவலையும் மனத்தாங்கலும் வருகின்றன என்பதைக் கண்கூடாகப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் தெருவில் குடியிருந்த இளைஞர் ஒருவர் கடற்படையில் மருத்துவ உதவியாளர். ஊரிலிருந்த தாயார் தொலைபேசியில் கேட்டபோது, “சிக் பேயில் இருக்கிறேன் அம்மா, அப்புறம் பேசுகிறேன்” என்று வைத்துவிட்டார். ‘சிக்’ என்ற சொல் மட்டும் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. மகன் நோயாகப் படுத்திருக்கிறான் என்று அன்றிரவே முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி வந்துவிட்டார். சிக் பே என்பது கப்பலிலும் முகாமிலும் உள்ள மருத்துவ அறை. மகன் அங்கே வேலைதான் பார்த்துக் கொண்டிருந்தார்!

1. ஐ.என்.எஸ். என்றால் எல்லாம் கப்பல் அல்ல

முதல் குழப்பம் இதுதான். ஐ.என்.எஸ். என்பது ‘இந்தியன் நேவல் ஷிப்’ என்பதன் சுருக்கம். ஆனால் கடற்படையின் பல தரை முகாம்களுக்கும் இதே அடைமொழி உண்டு. பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்த வழக்கம் இது. அவர்கள் இத்தகைய முகாமைக் ‘கல் கப்பல்’ என்ற பொருளில் வேடிக்கையாக அழைப்பார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே பாருங்கள். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீர்மூழ்கிகளுடன் தொடர்பு கொள்ளும் வானொலி நிலையம். அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளியும், இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்தும் விமான தளங்கள். மாலுமிகள் முதலில் பயிற்சி பெறும் ஐ.என்.எஸ். சில்கா, ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் இருக்கிறது. ஹௌரா–சென்னை வண்டியில் போனவர்கள் அந்த ஏரியைச் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். நம் விசாகப்பட்டினத்து ஐ.என்.எஸ். சர்க்கார்ஸ், ஐ.என்.எஸ். டேகா இரண்டும் தரையில் இருப்பவையே.

ஆகவே மகனுக்கு ‘ஐ.என்.எஸ்.’ என்று தொடங்கும் இடத்துக்கு மாற்றல் வந்தால், புயல் செய்தி கேட்டு உடனே பயப்பட வேண்டாம். மிதக்கும் கப்பலா, தரை முகாமா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். தரை முகாமில் இருப்பவரும் தரையை ‘டெக்’ என்பார், சமையற்கட்டை ‘கேலி’ என்பார், வெளி வாசலைத் தாண்டினால் ‘கரைக்குப் போகிறேன்’ என்பார். பழக்கம் அப்படி.

2. கப்பலின் திசைகளும் இடங்களும்

முன்பக்கம் ‘பௌ’, பின்பக்கம் ‘ஸ்டெர்ன்’. முன்னோக்கி நின்றால் வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’, இடப்பக்கம் ‘போர்ட்’. இடம், வலம் என்றே சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். எதிரும் புதிருமாக நிற்கும் இருவருக்கு இடமும் வலமும் மாறிவிடும். போர்ட், ஸ்டார்போர்டு என்பவை கப்பலோடு ஒட்டியவை, ஆள் திரும்பினாலும் மாறாதவை. இரயில்வேயில் ‘அப் லைன், டவுன் லைன்’ என்று நாங்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பழங்காலக் கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்புறம் இருந்தது. அதிலிருந்து ஸ்டார்போர்டு என்ற பெயர் வந்தது. அந்தத் துடுப்பு நசுங்காமலிருக்க மறுபக்கத்தைத் துறைமுகத்தை ஒட்டிக் கட்டினார்கள். இடப்பக்கத்துக்கு முன்பு ‘லார்போர்டு’ என்ற பெயரும் இருந்தது. இரண்டும் காதில் ஒன்றுபோல் ஒலித்ததால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விலக்கி, போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். கடற்கரைச் சாலையில் மாலை உலாவச் செல்லும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பச்சை தெரிந்தால் கப்பலின் வலப்பக்கம் நம்மை நோக்கி இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கழிப்பறைக்கு ‘ஹெட்ஸ்’ என்று பெயர். பாய்மரக் காலத்தில் அது கப்பலின் தலைப்பகுதியில் இருந்ததால் வந்த பெயர். மாலுமிகள் உண்டு உறங்கும் இடம் ‘மெஸ்’. படுக்கை ‘பங்க்’. சுவர் ‘பல்க்ஹெட்’. வேகத்தை ‘நாட்’ கணக்கில் சொல்வார்கள். முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணிய காலத்துச் சொல் இது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 20 நாட் என்றால் சுமார் 37 கிலோமீட்டர் வேகம். நம் சரக்கு வண்டியைவிட மெதுவு என்று நினைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான டன் எடையைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்த வேகத்தில் தள்ளுவது சாமானியமல்ல.

3. வாட்ச் என்னும் முறை வேலை

மனைவிமார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கப்பலில் ஒரு நாளை ஏழு ‘வாட்ச்’களாகப் பிரிப்பது மரபு.

மிடில் வாட்ச்: நள்ளிரவு 12 முதல் 4 வரை.
மார்னிங் வாட்ச்: காலை 4 முதல் 8 வரை.
ஃபோர்நூன் வாட்ச்: 8 முதல் பகல் 12 வரை.
ஆஃப்டர்நூன் வாட்ச்: 12 முதல் மாலை 4 வரை.
முதல் டாக் வாட்ச்: 4 முதல் 6 வரை.
கடைசி டாக் வாட்ச்: 6 முதல் 8 வரை.
ஃபர்ஸ்ட் வாட்ச்: இரவு 8 முதல் 12 வரை.

மாலையில் மட்டும் ஏன் இரண்டு மணி நேரத் துண்டுகள்? நான்கு மணி நேரமாகவே பிரித்தால் ஆறு வாட்ச் வரும். இரண்டு குழுக்கள் மாறி மாறி நின்றால், ஒரே குழுவுக்கே தினமும் நள்ளிரவு வேலை விழும். ஏழாக்கினால் ஒற்றைப்படை. முறை தானாக நாளுக்கு நாள் மாறிவிடும். இரு குழுவினரும் மாலை உணவை நேரத்தோடு உண்ணவும் முடியும். பாகுபாடில்லாமல் முறை வகுக்க எவ்வளவு எளிய கணக்கு! எங்கள் லோகோ பைலட்டுகளுக்கு லிங்க் தயாரிக்கும் அலுவலர் இதைப் பார்த்தால் மெச்சுவார்.

அரை மணிக்கு ஒரு முறை மணி அடிப்பதும் மரபு. வாட்ச் தொடங்கி அரை மணியில் ஒன்று, ஒரு மணியில் இரண்டு என்று ஏறி, நான்கு மணி நேரம் முடியும்போது எட்டு மணி. ‘எயிட் பெல்ஸ்’ என்றால் ஒரு முறை முடிந்தது என்று பொருள்.

கப்பல் துறைமுகத்தில் நின்றாலும் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட முடியாது. தீப்பிடித்தாலோ புயல் வந்தாலோ கப்பலைக் காக்க ஒரு பகுதியினர் இரவும் கப்பலிலேயே இருக்க வேண்டும். அதற்குத்தான் ‘டூட்டி வாட்ச்’ என்று பெயர். “கப்பல் இங்கேதானே நிற்கிறது, வீட்டுக்கு வர மனமில்லையா?” என்று சண்டைக்கு நிற்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். மிடில் வாட்ச் நின்றுவிட்டு வருபவர் காலையில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அதற்குக் காரணம் தூக்கமே, கோபம் அல்ல. அவரைத் தூங்க விடுங்கள்.

4. வேலையும் விடுப்பும்

‘செக்யூர்’ என்றால் அன்றைய வேலை முடிந்தது. ‘ஸ்டாண்ட் ஈஸி’ என்றால் இடையில் தேநீருக்கு ஓய்வு. ‘லிபர்ட்டி’ என்றால் கரைக்குச் செல்ல அனுமதி. ‘மேக் அண்ட் மெண்ட்’ என்றால் அரை நாள் ஓய்வு. அக்காலத்தில் மாலுமிகள் தங்கள் உடைகளைத் தைக்கவும் ஒட்டுப்போடவும் ஒதுக்கிய பொழுது அது. இன்று ஊசி நூலைத் தொடுவார் யாருமில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

‘ரிக்வெஸ்ட் போட்டிருக்கிறேன்’ என்றால், விடுப்புக்கோ வேறு எதற்கோ முறைப்படி விண்ணப்பித்திருக்கிறார். ‘டி.ஓ.’ என்பவர் டிவிஷனல் ஆபீஸர். ஒவ்வொரு மாலுமியும் ஒரு டிவிஷனைச் சேர்ந்தவர். அந்த மாலுமியின் நலன், குடும்பப் பிரச்சினை, விடுப்பு ஆகியவற்றைக் கவனிப்பது அந்த அதிகாரியின் பொறுப்பு. இது மிக முக்கியமான செய்தி. கணவர் கடலில் இருக்கும்போது வீட்டில் அவசரம் என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கக் கூடாது. கப்பல் கரையில் இருக்கும்போதே டி.ஓ.வின் பெயரையும், தகவல் சொல்ல வேண்டிய எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். கடற்படை மனைவியரின் நலச் சங்கக் கூட்டங்களுக்கும் தவறாமல் செல்லுங்கள். பிரசவத்துக்குத் துணைக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அறிமுகம் அங்கேதான் கிடைக்கும்.

‘ரீஃபிட்’ என்பது கப்பலின் பெரும் பழுதுபார்ப்பு. எங்கள் பெட்டிகளும் வேகன்களும் பி.ஓ.எச். என்ற காலமுறைப் பராமரிப்புக்குப் பணிமனை செல்வது போலத்தான். ரீஃபிட் காலத்தில் கப்பல் கடலுக்குப் போகாது. பெண் பார்ப்பது, வீடு மாற்றுவது, பிள்ளைக்கு மொட்டை போடுவது எல்லாவற்றுக்கும் தோதான காலம் அது. ரீஃபிட் முடிந்தபின் ‘வொர்க்-அப்’ வரும். புதிதாகத் தயாரான கப்பலில் ஆட்களைப் பழக்கும் கடும் பயிற்சி. அப்போது வீட்டை எதிர்பார்க்க முடியாது. முன்னது நிழல், பின்னது வெயில் என்று எண்ணித் திட்டமிட்டுக் கொள்ளுங்கள்.

5. பதவிப் பெயர்கள்

மாலுமிகளில் சீமேன், லீடிங் சீமேன், பெட்டி ஆபீஸர், சீஃப் பெட்டி ஆபீஸர், மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீஸர் என்று படிகள் ஏறும். சம்பந்தம் பேசும் இடங்களில் ‘பெட்டி’ என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நம் பெட்டிக்கடைப் பெட்டி அல்ல. ‘சிறிய’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பல ஆண்டு அனுபவமும் தேர்ச்சியும் பெற்றவரே பெட்டி ஆபீஸர். தரைப்படையில் ஹவில்தாருக்குச் சமம்.

‘கேப்டன்’ என்பதிலும் குழப்பம் உண்டு. தரைப்படையில் கேப்டன் இளநிலை அதிகாரி. கடற்படையில் கேப்டன் என்பது கர்னலுக்குச் சமமான உயர் பதவி. அதோடு, ஒரு கப்பலுக்குத் தலைமை தாங்குபவர் எந்தப் பதவியில் இருந்தாலும் அவரைக் கப்பலின் கேப்டன் என்றே சொல்வார்கள்.

6. மரபுகள் சில

தாடி: கடற்படையில் அனுமதி பெற்று மீசையுடன் முழுத் தாடி வளர்க்கலாம். மகன் தாடியோடு படம் அனுப்பினால் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறானா, மனக்கவலையா என்று ஆராய வேண்டாம்.

விசில்: கப்பலில் விசில் அடிக்கக் கூடாது. ‘போசன்’ எனப்படும் தலைமை மாலுமி ஊதும் குழல் ஓசைதான் அக்காலத்தில் கட்டளை. அதோடு குழம்பிவிடும் என்பது ஒரு காரணம். விசில் அடித்தால் புயலை அழைக்கும் என்பது பழைய நம்பிக்கை. முக்கிய விருந்தினர் கப்பலேறும்போது இன்றும் அந்தக் குழலை ஊதி வரவேற்கிறார்கள்.

நிலநடுக்கோடு தாண்டுதல்: முதன்முறை நிலநடுக்கோட்டைக் கடக்கும் மாலுமிகளைக் கடலரசன் வேடமிட்டவர் முன் நிறுத்தி, முகத்தில் எதையெதையோ பூசி, தண்ணீரில் முக்கி வேடிக்கை செய்வார்கள். முடிவில் சான்றிதழும் உண்டு. அந்தப் புகைப்படத்தைப் பார்த்து மகனைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பயப்படாதீர்கள்.

பனியன்: ‘பனியன் பார்ட்டி’ என்றால் கடற்கரையிலோ தீவிலோ மாலுமிகள் கூடி உண்டு களிக்கும் உல்லாசப் பொழுது. குஜராத்தின் வணிகர்களான பனியாக்கள் புலால் உண்ணாதவர்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் இறைச்சி இல்லாத நாளுக்கு அவர்கள் பெயரால் ‘பனியன் நாள்’ என்று பெயரிட்டார்கள். அது பிற்காலத்தில் உல்லாசப் பொழுதைக் குறித்தது. நாம் சட்டைக்குள் அணியும் பனியனும் அதே வணிகர் பெயரால் வந்ததுதான். நம்மிடமிருந்து போன கடற்சொல்லும் உண்டு. உலகமெங்கும் ‘கேட்டமரான்’ என்று வழங்குவது நம் கட்டுமரமே.

வருணன்: இந்தியக் கடற்படையின் குறிக்கோள் வாசகம், வருணன் நமக்கு நன்மை அருள வேண்டும் என்னும் வேண்டுதல். அதைப் பரிந்துரைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜி. நெய்தல் நிலத்தின் தெய்வம் வருணன் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதைத் தமிழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

பெண்களின் பங்கு: புதிய போர்க்கப்பலை முதன்முதலாக நீரில் இறக்கும் விழாவை ஒரு பெண்மணி நடத்தி வைப்பது மரபு. தேங்காய் உடைத்து, வேத மந்திரம் ஓதி, கப்பலை வாழ்த்தி அனுப்புவார்.

கப்பலின் ஓய்வு: கப்பலுக்கும் பணி ஓய்வு உண்டு. நம் ஊரில் 2021 மே 21 அன்று ஐ.என்.எஸ். ராஜ்புத் ஓய்வு பெற்றது. 1980இல் பணியில் சேர்ந்து 41 ஆண்டுகள் உழைத்த கப்பல் அது. கதிரவன் மறையும் நேரத்தில் கொடியைக் கடைசி முறையாக இறக்குவார்கள். கல் நெஞ்சம் கொண்ட மாலுமியும் அப்போது கண் கலங்குவார். ஆனால் பெயர் அழிவதில்லை. 1997இல் ஓய்வு பெற்ற விக்ராந்தின் பெயரைத் தாங்கிய புதிய கப்பல் 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்ந்தது. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் நம் வழக்கம் போலத்தானே?

7. சொல்லக் கூடாதவை

சொற்களைக் கற்றுக்கொண்ட பிறகு, எதைப் பேசக் கூடாது என்பதையும் கற்க வேண்டும். 2019 டிசம்பரில் கடற்படை இரகசியங்களைப் பகைவருக்குத் தெரிவித்ததாகச் சில மாலுமிகள் கைது செய்யப்பட்டதும், அதன்பின் கப்பல்களிலும் முகாம்களிலும் சமூக ஊடகங்களுக்கும் ஸ்மார்ட்போனுக்கும் தடை வந்ததும் நாமறிந்ததே. கப்பல் எப்போது புறப்படும், எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்பவற்றைத் திருமண மண்டபத்திலோ, இரயில் பெட்டியிலோ, வாட்ஸ்அப் குழுவிலோ பேசுவது, நம் கணவர், மகன் உயிரோடு விளையாடுவதாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர் போகும் தேதியைச் சொல்லவில்லை, பல நாள் தொலைபேசி இல்லை என்றால், மறைக்கிறார் என்று சந்தேகிக்கக் கூடாது. மறைப்பது அவர் கடமை. இது புரியாமல் என் கண்முன்னே ஒரு குடும்பம் பிரியும் நிலைக்குப் போயிற்று. பெரியவர்கள் உட்கார்ந்து விளக்கிச் சொன்ன பிறகே அந்தப் பெண் சமாதானமடைந்தார். ‘நம்பிக்கை இல்லை’ என்று அவர் நினைத்தது உண்மையில் ‘அனுமதி இல்லை’ என்பதுதான்.

பயிற்சி

கீழ்க்காணும் செய்தியைப் படித்துப் பொருள் கூறுங்கள்:

“நேற்று மேக் அண்ட் மெண்ட். லிபர்ட்டியில் போய் உனக்குப் புடவை எடுத்தேன். இன்று டூட்டி வாட்ச், எனக்கு மிடில். லீவுக்கு ரிக்வெஸ்ட் போட்டிருக்கிறேன், டி.ஓ. பார்க்கலாம் என்றார்.”

விடை: நேற்று அரை நாள் ஓய்வு. அனுமதியோடு வெளியே சென்று புடவை வாங்கினார். இன்றிரவு வீட்டுக்கு வரமாட்டார், நள்ளிரவு முதல் நான்கு மணி வரை காவல். விடுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார், அதிகாரி மறுக்கவில்லை. ஆக, கவலைப்பட ஒன்றுமில்லை, புடவையும் வருகிறது!

கடற்கரைச் சாலையில் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கி 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது அழைத்துச் சென்று உள்ளே காட்டுங்கள். பங்க் எவ்வளவு குறுகலானது, கேலி எவ்வளவு சிறியது என்று பார்த்தால், பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஏன் நடுக்கூடத்தில் கைகால் நீட்டிப் படுக்கிறான் என்பது தானே விளங்கும்.

இந்தப் பக்கங்களைக் கத்தரித்து வைத்து, புதிதாக வரும் கடற்படைக் குடும்பத்துக்குக் கொடுத்து உதவுங்கள். இதில் விடுபட்ட சொற்களை அறிந்த அன்பர்கள் சங்கத்துக்கு எழுதினால், அடுத்த இதழில் சேர்த்துக் கொள்ளலாம்.